ரேடியோ பேசாத காலை

நாலாம் வகுப்பு டீச்சருக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தம் ஆகாது. காய் நறுக்கும்போது விரலில் லேசாகக் கீறல் விழுந்தால்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு புருஷனிடம் கையை நீட்டுகிற ரகம். அப்படிப்பட்டவளைத்தான் ஆசிரியர்களுக்கும் நர்சுகளுக்கும் சேர்த்து நடத்துகிற உடல்நலப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார் ஹெட்மாஸ்டர். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கு ஒருவர் கட்டாயம் போக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. யார் போவது என்று முடிவுசெய்த கூட்டத்தன்று அவள் மகனுக்குப் பல்வலி என்று லீவு போட்டிருந்தாள். வராதவர் தலையில் கட்டுவதுதானே ஸ்டாஃப் ரூம் நியாயம்.

“சார், நான் மயக்கம் போட்டு விழுந்துடுவேன் சார்,” என்று கெஞ்சிப் பார்த்தாள்.

“விழுங்க டீச்சர். அங்கதான் சுத்தி நர்சா இருப்பாங்களே, விழுறதுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா?” என்றார் பி.டி. சார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

ஒரே ஆறுதல், அதே பயிற்சிக்கு அவளுடைய நாத்தனாரும் வந்ததுதான். புருஷனின் அக்கா. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த சுகாதார நிலையத்தில் நர்ஸ். டீச்சர் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணியின் பேச்சில் காரம் தூக்கலாக இருக்கும். ஊசி போடும்போது மட்டும் கை பூவாகிவிடும்.

பயிற்சி நடந்த கூடத்தில் மின்விசிறிகள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. மேசை மேல் கை கால் இல்லாத ரப்பர் பொம்மை ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது. பாடம் எடுத்த டாக்டரம்மாவுக்கு எப்போதும் தொண்டை கட்டியது போன்ற குரல். அந்தக் குரலில் அவர் எதைச் சொன்னாலும் கெட்ட சேதி சொல்வது போலவே இருந்தது. வலிப்பு வந்த பிள்ளையின் வாயில் ஸ்பூனைத் திணிக்கக் கூடாது. தொண்டையில் எதுவும் சிக்கினால் இப்படிக் குனிய வைத்து முதுகில் தட்ட வேண்டும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும். டீச்சர் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தியபோது அதன் உள்ளே ஏதோ க்ளிக் என்றது. விலா எலும்பை உடைத்துவிட்டோம் என்று கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அண்ணி, “அதுக்கு வலிக்காதும்மா. அமுக்கு. நெஜமாவே ஒரு ஆளு கிடந்தா இதைவிட வேகமா அமுக்கணும்,” என்றாள்.

கடைசி நாளன்று மூளைக்காய்ச்சல் பற்றிய பாடம். டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு படம் போட்டார். ஒரு குழந்தையின் பாதம். அதில் ஊதா மையைத் தெளித்தது போல் சிறுசிறு புள்ளிகள்.

“எல்லா மூளைக்காய்ச்சலும் இப்படி வராது. ஆனா இந்த வகை வந்தா ரத்தத்துலயே விஷம் ஏறிடும். காலையில சாதாரணக் காய்ச்சல் மாதிரி இருக்கும். சாயங்காலம் கை மீறிப் போயிருக்கும். உடம்பு சுடும், ஆனா கையும் காலும் சில்லுனு இருக்கும். கால் வலிக்குதுன்னு அழும். வெளிச்சம் கூசும். இந்தப் புள்ளி மேல ஒரு கண்ணாடி டம்ளரை வெச்சு அழுத்துங்க. சாதாரணத் தடிப்புன்னா மறைஞ்சுடும். மறையலைன்னா…” என்று நிறுத்தினார். “நம்ம மாதிரி மாநிறம், கறுப்புத் தோல்ல புள்ளி தெரியவே தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையைப் பிரிச்சு உள்ள பாருங்க. ஆனா ஒண்ணு. புள்ளி வரட்டும்னு யாரும் காத்திருக்காதீங்க.”

டீச்சர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்குச் சான்றிதழ் கொடுத்துக் கைகுலுக்கி அனுப்பினார்கள். கூடவே இந்தப் பயத்தையும் கட்டிக்கொடுத்தார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பயிற்சிக்கு முன்னால் அவளிடம் இருந்தது பொத்தாம்பொதுவான ஒரே பயம். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று காலையில் ஒரு தரம் நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கிவிடுவாள். இப்போது அந்தப் பயத்துக்கு ஆயிரம் கிளை முளைத்துவிட்டது. பையன் ஒருவன் பேனா மூடியைக் கடித்தால் அவளுக்குத் தன் தொண்டை அடைத்தது. யாராவது இருமினால் சாக்பீஸ் பாதி எழுத்தில் நின்றது. வீட்டில் ஐந்து வயது மகன் திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு ஓடினால் பின்னாலேயே ஓடினாள். தினமும் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏய், அவன் நெத்தி தேஞ்சிடப் போவுது,” என்றான் புருஷன்.

அண்ணியிடம் சொல்லி அழுதபோது அவள் மட்டும் கிண்டல் செய்யவில்லை. “வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கும் இதேதான். பார்க்கிறவன் எல்லாம் சாகப்போறவனாவே தெரிவான். போகப் போகப் பயம் எங்க நிக்கணுமோ அங்க நின்னுக்கும்,” என்றாள்.

அது நிற்பதற்குள் அவமானம் வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தடாலென்று விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மேலும் கீழுமாக இழுத்தான். டீச்சர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூட்டத்தை விலக்கி, யாரையும் கேட்காமல் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டாள். ஆம்புலன்ஸ் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தது. தெருவே கேட்டில் நின்றது. ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் பையன் எழுந்து உட்கார்ந்து, “கணக்குப் பரீட்சைக்குப் படிக்கலை டீச்சர்,” என்று அழ ஆரம்பித்தான்.

ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு அவளுக்குப் பெயர் சூட்டு விழா. ‘ஆம்புலன்ஸ் டீச்சர்.’ சாயங்காலத்துக்குள் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து விசாரித்து இரண்டு போன் வந்ததில் ஆடிப்போயிருந்தார். “டீச்சர், நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. ஒத்துக்கறேன். ஆனா இனிமே என்னைக் கேக்காம யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கூடாது,” என்றார். அவள் தலையை ஆட்டினாள். அன்று முதல் அவளுடைய பயங்களோடு சிரிப்புக்குப் பயப்படுவதும் சேர்ந்துகொண்டது.

இது நடந்து சில வாரம் கழித்து, விடாமல் மழை கொட்டிய ஒரு காலை.

நாலாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பட்டப்பெயர் ரேடியோ. காலையில் வகுப்புக்குள் நுழைந்தால் சாயங்காலம் மணி அடிக்கிறவரை அவள் வாய் மூடாது. வகுப்பில் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது, டீச்சர் புதுச் செருப்பு போட்டிருக்கிறாளா இல்லையா, எல்லாச் செய்தியும் அவளிடம்தான். அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வர மாட்டார். அம்மா பேக்கிங் கம்பெனியில் வேலை. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவாள்.

அன்றைக்கு ரேடியோ வந்து உட்கார்ந்தவள் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வருகைப் பதிவு எடுத்தபோது, “உள்ளேன் டீச்சர்” என்ற குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“என்னடா ஆச்சு? ஸ்டேஷன் கிடைக்கலையா இன்னைக்கு?” என்று டீச்சர் கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ரேடியோ சிரிக்கவில்லை.

டீச்சர் போய் நெற்றியைத் தொட்டாள். சுட்டது. “வீட்டுல மாத்திரை போட்டியா?” என்றாள். “ம்” என்றது குரல். சரி, மழைக்காலம், பாதி ஊருக்குக் காய்ச்சல், மாத்திரை கேட்கட்டும் என்று பாடத்துக்குத் திரும்பினாள். ஆனால் கரும்பலகையில் எழுதுகிற கை தன் போக்கில் எழுத, கண் அந்தப் பெஞ்சுக்கே போனது. பெண் முழங்காலைப் பிடித்துப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

‘கால் வலிக்குதுன்னு அழும்.’ அந்தத் தொண்டை கட்டிய குரல் காதுக்குள் கேட்டது.

சும்மா இரு, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஓடி விளையாடியிருப்பாள். மழையில் நனைந்திருப்பாள். இப்போது போய் நின்றால் ஹெட்மாஸ்டர் முகம் எப்படி இருக்கும், பி.டி. சார் என்ன சொல்வார் என்பதெல்லாம் கண்முன் ஓடியது. இப்படியே முதல் பீரியட் முழுவதும் போயிற்று. மணி அடித்ததும் மறுபடி போய் நெற்றியையும் கையையும் தொட்டாள். நெற்றி அடுப்பாகக் கொதித்தது. விரல்களோ குழாய்த் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி சில்லென்றிருந்தன.

டீச்சர் பெஞ்சருகே குனிந்தாள்.

“தங்கம், எங்கம்மா வலிக்குது?”

“கால் வலிக்குது டீச்சர்… ஜன்னலைச் சாத்துங்க. கண்ணு கூசுது.”

வெளியே மழை இருட்டு. ஜன்னலில் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தாள். வழியில் பெண் வாந்தி எடுத்தாள். ஸ்டாஃப் ரூமில் மழையால் விளையாட்டு இல்லாமல் பி.டி. சார் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்ன டீச்சர், இன்னொரு கணக்குப் பரீட்சையா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்துவிட்டார்.

பெஞ்சில் படுக்க வைத்து, ஈரக் காலுறையைக் கழற்றினாள். பாதத்தைத் திருப்பினாள். வெளுத்த உள்ளங்காலில் ஒன்றுமில்லை. உயிர் போய் உயிர் வந்தது. அடுத்த காலைத் திருப்பினாள். குதிகாலுக்கு முன்னால், பாதத்தின் உள்வளைவில், பேனா முனையால் குத்தியது போல் நாலைந்து புள்ளிகள்.

மை தெறித்திருக்கலாம். எச்சிலைத் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை.

“சார், ஒரு கண்ணாடி டம்ளர் வேணும்.”

“தண்ணி குடிக்கவா? என் பாட்டில் இருக்கே…”

“கண்ணாடி சார்! கண்ணாடி!”

பள்ளிக்கூடத்தில் எல்லாம் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும்தான். கண்ணாடி டம்ளர் ஒன்றே ஒன்று இருந்தது, ஹெட்மாஸ்டர் அறையில். அதிகாரிகள் வந்தால் தண்ணீர் கொடுப்பதற்காகத் துணி போர்த்தி வைத்திருந்தது. டீச்சர் கதவைக்கூடத் தட்டவில்லை. உள்ளே போய், போனில் பேசிக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டரைத் தாண்டிக் கையை நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு போனை வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

டீச்சர் டம்ளரின் பக்கத்தைப் பாதத்தில் வைத்து அழுத்தினாள். கண்ணாடிக்கு அடியில் தோல் வெளுத்தது. புள்ளிகள் வெளுக்கவில்லை. அவை அப்படியே, முன்னைவிடத் தெளிவாக, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். மறையவில்லை.

“கொசுக்கடி மாதிரி இருக்கே டீச்சர்,” என்றார் ஹெட்மாஸ்டர். ஆனால் அவர் குரலிலும் பிடிமானம் இல்லை. “அம்மாவுக்குச் சொல்லி அனுப்பலாம். அவங்க வந்து டாக்டர்கிட்ட…”

“சார்.” அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் தப்பா இருந்தா என்னை எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க. நான் தப்பா இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன். ஆனா இப்ப இவளைக் கொண்டுபோகணும்.”

அவர் குனிந்து பாதத்தை இன்னொரு தரம் பார்த்தார். “கூப்பிடுங்க,” என்றார்.

ஆம்புலன்ஸ்காரர்கள், மெயின் ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, சுற்றிக்கொண்டு வர அரை மணிக்கு மேல் ஆகும் என்றார்கள். அவள் அடுத்து அண்ணிக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு அண்ணி, எடு, எடு.

“சொல்லும்மா.”

“அண்ணி, ஒரு பொண்ணு… காய்ச்சல்… புள்ளி மறையலை…” அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மூச்சுதான் வந்தது.

அண்ணியின் குரல் சட்டென்று மாறியது. “அழாத. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. முழிப்பு இருக்கா?”

“கூப்பிட்டா கண்ணைத் திறக்கறா. உடனே மூடிக்கறா.”

“கை கால் சில்லுனு இருக்கா?”

“இருக்கு.”

“டம்ளர் வெச்சுப் பார்த்தியா?”

“ரெண்டு தரம் பார்த்தேன்.”

“காரோ வேனோ, எது கிடைக்குதோ அதுல இப்பவே இங்க கொண்டு வா. ஆம்புலன்சுக்கு நிக்காத. நான் டாக்டர்கிட்ட சொல்லி ஊசியை எடுத்து வெக்கறேன். வழியில குடிக்க ஒண்ணும் குடுக்காத. ஒருக்களிச்சுப் படுக்க வை. கேட்டியா?”

பி.டி. சார் கேட்காமலே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடிவிட்டார். அந்தக் கார் அவருக்கு உயிர். வாங்கி வருஷங்களாகியும் சீட்டில் ஒட்டிய பாலிதீன் உறையைப் பிரிக்காத மனிதர். ரேடியோ பின் சீட்டு முழுக்க வாந்தி எடுத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னும் கொஞ்ச தூரம்தான்டா கண்ணு, இன்னும் கொஞ்ச தூரம்தான்,” என்று பெண்ணுக்கா தனக்கா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஹெட்மாஸ்டர் பெண்ணின் அம்மாவைத் தேடித் தானே கம்பெனிக்குப் போயிருந்தார். வேலை நேரத்தில் அங்கே போனைப் பூட்டி வைத்துவிடுவார்களாம், கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

டீச்சர் மடியில் தலையை வைத்துக்கொண்டு, “பேசுடா. ஏதாவது பேசு. பூனைக்குட்டிக்கு என்ன பேர் வெச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெண்ணின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். ஸ்டாஃப் ரூமில் பார்த்தபோது சுத்தமாக இருந்த உள்ளங்கை. இப்போது அதில் மூன்று புள்ளி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வருகிறது. அது உள்ளே நடந்துகொண்டிருக்கிறது, தன் மடியில், இந்தக் காருக்குள். வைப்பர் இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டது. கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. பெண்ணின் விரல்களைத் தன் அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றினாள்.

சுகாதார நிலையத்து வாசலிலேயே அண்ணி தள்ளுவண்டியோடு மழையில் நின்றிருந்தாள். டாக்டர் இளம் வயதுக்காரர். பாதத்தை ஒரு தரம் பார்த்தார், கையை ஒரு தரம் பார்த்தார். “ஊசி ரெடியா சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணி முழங்கையில் நரம்பைத் தேடிக் குத்தினாள். கிடைக்கவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வெள்ளை விரிப்பில் விழுந்து பரவியது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் திருப்ப வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. அடுத்த கையில் குத்தினாள். அங்கேயும் இல்லை. பூப்போல ஊசி போடுகிற அண்ணியின் நெற்றியில் வியர்வை துளிர்த்ததை டீச்சர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். அண்ணியே பயப்படுகிறாள் என்றால்?

“நரம்பு சுருங்கிப்போச்சு டாக்டர்.”

“நரம்பைத் தேடி நேரம் ஆக்க வேணாம். தொடையிலயே போட்டுடுங்க. நான் அதுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன்.”

தொடையில் ஊசி இறங்கியது. பெண் முனகக்கூட இல்லை. ஒரு குழந்தை ஊசிக்கு அழாமல் இருப்பதைப் போன்ற பயங்கரம் உலகத்தில் வேறு இல்லை என்று டீச்சருக்குத் தோன்றியது. பிறகு கணுக்காலில் ஒரு நரம்பு எப்படியோ அகப்பட்டது. சலைன் ஏற்றி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, நிலையத்து வண்டியிலேயே ஏற்றினார்கள். டாக்டரும் அண்ணியும் ஏறினார்கள்.

“இவளுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும். ஏறு,” என்று அண்ணி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரட்டைக் கதவு ஒன்று திறந்து, பெண்ணை விழுங்கிக்கொண்டு மூடியது. அதற்கப்புறம் டீச்சருக்குச் செய்ய எதுவும் இல்லை. அண்ணி தன் ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“பிழைச்சுடுவாளா அண்ணி?”

“தெரியலைம்மா.” அண்ணி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

பெண்ணின் அம்மா கம்பெனித் தொப்பியோடும் ஏப்ரனோடும் ஓடி வந்தாள். பின்னால் ஹெட்மாஸ்டர், செருப்பு ஒன்று அறுந்து கையில். கதவுக்கு அந்தப் பக்கம் விட மாட்டோம் என்றதும் அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு டீச்சரைப் பார்த்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டாள்:

“டீச்சர், காலையிலயே உடம்பு சுட்டுச்சு. நான்தான் மாத்திரை குடுத்து, போடி ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டேன். இந்த மாசம் இன்னொரு லீவு போட்டா வேலை போயிடும்னு… நான்தானே டீச்சர் இதைப் பண்ணிட்டேன்?”

இல்லை இல்லை என்று சொல்லிவிடலாம். அது சுலபம். அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

“இந்த நோயைப் பத்தி எனக்குப் படம் போட்டுச் சொல்லிக்குடுத்திருக்காங்க. அப்படியும் நான் முதல் பீரியட் பூரா சும்மா பார்த்துட்டுதான் இருந்தேன். உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? மாத்திரை குடுத்தீங்க. எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாங்க.”

அந்த அம்மா அப்போதுதான் அழுதாள். டீச்சர் அவள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களை டீச்சர் எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. போன் அடித்தால் எடுக்கக் கை வராது. புருஷன்தான் எடுத்து, கேட்டு, தலையை அசைப்பான்: இன்னும் இருக்கிறாள். சுகாதாரத் துறையிலிருந்து ஆட்கள் வந்து வகுப்புப் பிள்ளைகளுக்கும் டீச்சருக்கும் பி.டி. சாருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையைப் போட்டு முடிக்கும்வரை அவள் தன் மகனைக் கிட்டே சேர்க்கவில்லை. அவன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டான். இவள் இந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பள்ளி வாசலில் பெற்றோர் கூடிக் கூச்சல் போட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தண்ணீரால் வந்தது என்றார் ஒருவர். டீச்சர்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய் நோயைக் கொண்டுவந்துவிட்டாள் என்றாள் ஒருத்தி. ஹெட்மாஸ்டர் படி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினார். “அந்த டீச்சர் இல்லைன்னா இந்நேரம் நாம எல்லாரும் வேற ஒரு வாசல்ல நின்னுட்டிருப்போம்! புரியுதா உங்களுக்கு?” கூட்டம் அடங்கியது. டீச்சர் வகுப்புக்குள் காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் தும்மினாலும் அவள் முதுகில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது.

ரேடியோ பிழைத்துக்கொண்டாள். முழுசாக இல்லை. இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போய் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு காது கேட்காமல் போனது. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் உயிரே மிஞ்சியிருக்காது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஹெட்மாஸ்டரிடம் சொன்னாராம். அதைக் கேட்டு எல்லோரும் டீச்சரைப் பாராட்டினார்கள். அவளுக்கோ அந்த இரண்டு விரல்களும் அந்த ஒரு காதும் முதல் பீரியடில் போனவையோ என்ற நினைப்பு வந்து வந்து போனது. அண்ணியிடம் கேட்டாள். “அந்தக் கணக்கை யாராலயும் போட முடியாது. போடாத,” என்றாள் அண்ணி.

அடுத்த பயிற்சிக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தபோது யார் தலையிலும் கட்ட வேண்டியிருக்கவில்லை. பி.டி. சார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். ஹெட்மாஸ்டரும் போனார்; ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தியதில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது என்று, உதவிக்குப் போயிருந்த அண்ணி வந்து சொல்லிச் சிரித்தாள்.

மழைக்காலம் முடிந்து வெகு நாள் கழித்துத்தான் ரேடியோ பள்ளிக்கு வந்தாள். ஒரு பக்கம் சற்றே சாய்ந்த நடை. பிள்ளைகள் அவளைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மா மட்டும் கேட்டருகே கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவள் நகரவில்லை.

டீச்சர் அவளிடம் போனாள். “கிளம்புங்கம்மா. வண்டி போயிடும்.”

“கால் நகர மாட்டேங்குது டீச்சர். மறுபடியும் ஏதாச்சும் ஆயிடுமோன்னு…”

“எனக்கும் அப்படித்தான்மா இருக்கு. தினமும் இருக்கு.”

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் தைரியமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பாளோ என்னவோ. ஆனால் அந்தப் பதிலில் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

“இன்டர்வல்ல ஒரு தரம், சாப்பாட்டு நேரத்துல ஒரு தரம் தொட்டுப் பார்க்கறேன். துளி சந்தேகம்னாலும் உங்க கம்பெனி ஆபீசுக்குப் போன் போடுவேன். ஹெட்மாஸ்டர் அங்க பேசி வெச்சிருக்காரு. உடனே உங்களைக் கூப்பிட்டு விடுவாங்க.”

ஹாரன் மறுபடி அடித்தது. அம்மா கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். இன்னும் பத்தடி போய் மறுபடி பார்த்தாள். அவள் வண்டியில் ஏறுகிறவரை டீச்சர் கேட்டைச் சாத்தாமல் நின்றிருந்தாள்.